அக்காவின் புளுகம்

கிடி (giddy) என்ற ஆங்கிலச் சொல்லை எனக்குச் சொல்லித் தந்தவள் என் அண்ணையின் மகள், லண்டனில் பிறந்து வளர்ந்தவள். சொல்லித் தரவேண்டும் என்று நினைத்து அவள் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தபோது, என் தோளுக்குப் பின்னால் தெரிந்த அக்காவைக் கண்டுவிட்டு, தகப்பனிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பெரிய மாமி கிடியாக இருக்கிறா என்பது அதன் பொருள். மற்றதெல்லாம் எனக்கு விளங்கியது. அந்த ஒரு சொல்தான் இடித்தது.

சொல் எனக்குப் புதிதல்ல என்பதுதான் இடித்ததற்குக் காரணம். நான் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். தலைச்சுற்று என்று வருகிறவர்களின் கிளினிக் கொப்பியில் டாக்டர்மார் அதைத்தான் எழுதுவார்கள். பிரஷர் குளிசைக்குப் பக்கத்தில் அல்லாமல் வேறு எங்கும் நான் அதைக் கண்டதில்லை. ஆகவே அக்கா எங்கேயாவது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். அக்கா கதிரையில் ஏறி நின்று, அலுமாரியின் மேல்தட்டில் இருந்த நல்ல கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு எவரும் வருவதாக இல்லை.

"அவவுக்குத் தலை சுத்துதோ?" என்று மருமகளிடம் கேட்டேன்.

"இல்லை சின்ன மாமி. தலை சுத்துற மாதிரித்தான், ஆனா வருத்தம் இல்லை. சந்தோசத்தில சுத்துறது. சும்மா சும்மா சிரிப்பு வரும். ஒரு இடத்தில நிக்க ஏலாது."

அவளுக்குப் பின்னாலிருந்து அண்ணையின் குரல் கேட்டது. "இன்னும் ஒண்டும் முடியேல்ல. நீ கதையைப் பெருப்பிக்காதை."

முடியாத விசயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கரம்பொனில் அப்பா கட்டிய வீட்டில் இப்போது இருப்பது அக்காவும் நானும் மட்டும். அக்காவுக்கு ஐம்பத்தொன்று, எனக்கு நாற்பத்தேழு. அண்ணை எங்கள் இருவருக்கும் மூத்தவர். அவர் லண்டனுக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. எனக்குக் கலியாணத்தில் எந்தக் காலத்திலும் நாட்டம் இருந்ததில்லை. கேட்டு வந்தவர்களுக்கு முகத்துக்கு நேரே சொன்னேன். ஊர் எனக்கு வாய்க்காரி என்று பெயர் வைத்துவிட்டு என்னை என்பாட்டில் விட்டுவிட்டது. அக்கா அப்படியல்ல. அவளுக்கு விருப்பம் இருந்தது, அமையவில்லை. சண்டை, இடம்பெயர்வு, அம்மாவின் நோய், அப்பாவின் நோய் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து எல்லாம் ஓய்ந்தபோது, இனி என்ன கலியாணம் என்று சனம் கேட்கிற வயது அவளுக்கு வந்திருந்தது.

அப்படியிருக்க, ஒரு தரகர் இறுப்பிட்டியிலிருந்து ஒரு பேச்சைக் கொண்டுவந்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர். மனைவி இறந்து சில வருடங்கள். ஒரே மகன் கொழும்பில் வேலை. இறுப்பிட்டி புங்குடுதீவில் இருக்கிறது. எங்களிடமிருந்து பஸ்ஸில் போய் வேலணையில் மாறிப் போகவேண்டும். அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய கிழமையில்தான் அவர் தன் தமக்கையோடு வாடகை வான் பிடித்து வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஐம்பது தாண்டிய இருவருக்கும் பெண் பார்க்கும் சடங்கில் ஒரு சலுகையும் கிடையாது. கேக்கும் வடையும் வாழைப்பழமும் மேசையில் இருந்தன. அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்து, குனிந்த தலை நிமிராமல் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் இருந்தாள். தமக்கைதான் கதைத்தார்.

"நீர் சமையல் சாப்பாடெல்லாம் பாப்பீரோ?"

அக்கா வாயைத் திறக்க முன்னமே அந்த மனிதர் சொன்னார். "சமையல் நான் செய்வன் அக்கா. அவ நூலகத்தால வந்துசேரப் பின்னேரமாகிடும் எல்லே."

அக்கா பிரதேச சபை நூலகத்தில் வேலை செய்கிறாள் என்பதைத் தரகர் சொல்லியிருப்பார். வேலை முடிந்து வருகிற நேரத்தை அவராகவே விசாரித்திருக்கிறார். அக்கா நிலத்தைப் பார்த்தபடியே இருந்தாள். ஒரு கண்ணிமை கூட அசையவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்து, கேக் துண்டை வாய்க்குள் போட்டேன்.

அவர்கள் வெளிக்கிட்டபோது இன்னொன்றும் நடந்தது. எங்கள் வாசல் படலை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. தூக்கித்தான் சாத்தவேண்டும். வருகிற ஆட்களெல்லாம் அதை இழுத்து இழுத்து நிலத்தில் ஒரு வாய்க்காலே வெட்டியிருக்கிறார்கள். அக்கா எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்துவிட்டாள். அந்த மனிதர் எவரும் சொல்லாமலே குனிந்து இரண்டு கையாலும் படலையைத் தூக்கிச் சாத்தி, கொளுக்கியையும் மாட்டிவிட்டுப் போய் வானுக்குள் ஏறினார். அக்கா யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காவை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அதுதான் முறை. எங்கள் பக்கத்தில் ஒரு விசயம் சரிவருமட்டும் அதை முகத்தில் காட்டக்கூடாது. கண்ணூறு படும், குழம்பிப்போகும். எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம் கனடாவுக்குப் போனது. போவதற்கு முதல்நாள் பின்னேரமும் அந்த வீட்டு அம்மா கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு, காய் பிடிக்கவில்லை என்று என்னோடு குறைப்பட்டார். அடுத்தநாள் அவர்களின் நாய் படலையில் தனியே நிற்பதைக் கண்டுதான் அவர்கள் போய்விட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியவந்தது. எவரும் அதற்குக் கோபிக்கவில்லை. நல்ல கெட்டிக்காரர், ஒருத்தருக்கும் மூச்சு விடவில்லை என்று புகழ்ந்தார்கள்.

கலியாணப் பேச்சில் பெண்ணுக்கு இது இன்னும் இறுக்கம். சம்மதமோ என்று வீட்டார் கேட்டால், உங்கட விருப்பம் என்று சொல்லவேண்டும். அப்படிச் சொன்னால் ஓம், அதாவது சம்மதம். விருப்பமில்லாதவள் அழுவாள், அல்லது சாப்பிடாமல் போர்த்துக்கொண்டு படுப்பாள். இதையெல்லாம் எங்களுக்கு எவரும் இருத்திவைத்துப் படிப்பிக்கவில்லை. ஆனாலும் ஊரில் தெரியாத ஆள் இல்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் அந்தச் சொல் வந்து விழுந்தது. எனக்கு ஒரு பழக்கம். ஒன்று விளங்காவிட்டால் அது விளங்குமட்டும் சாப்பாடு இறங்காது. தலை சுற்றுவதற்கும் சந்தோசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தபடி இருந்தேன். அகராதியைப் பார்த்தேன். மயக்கம், கிறுகிறுப்பு, நிலையின்மை என்று அது ஆஸ்பத்திரிப் பக்கமே நின்றது. தலைகால் தெரியாத சந்தோசம் என்று நாங்களும் சொல்வதுண்டே என்று பிறகு ஞாபகம் வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அது திட்டுகிறபோதுதான் வெளியில் வரும். தலைகால் தெரியாமல் ஆடாதே என்று அம்மா எங்களுக்குச் சொன்னது போதும் போதும் என்றிருக்கும்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்யும் பெண்ணிடம் கேட்டேன். ஊர்காவற்றுறைக் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண், என்னைவிட இளையவள். அவளுடைய வீட்டுக்காரர் கடற்றொழில் செய்கிறவர். நான் சொல்லை விளங்கப்படுத்தினேன். அவள் மாத்திரைகளை எண்ணிப் பைக்குள் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"என்ர மனிசனுக்கு வாறது அதுதான் அக்கா. மீன் கனக்கப் பட்டால் வள்ளம் கரைக்கு வரமுந்தியே எனக்குத் தெரியும். நேர வராது. ஒரு வளைவு வளைச்சுக் கொண்டு வருவார். ஏன் வளைச்சனீங்கள் எண்டு கேட்டால், காத்து எண்டுவார். காத்து ஒரு சொட்டும் இராது."

"அதுக்கு நீங்கள் என்ன சொல்லுவியள்?"

"புளுகம் எண்டுவம். வேற என்ன? மனிசன் புளுகத்தில நிக்கிது எண்டு."

எனக்கு நெற்றியில் அடித்துக்கொள்ளவேண்டும் போல் இருந்தது. லண்டனுக்கும் அகராதிக்கும் போனவள் வாய்க்குள் கிடந்த சொல்லை மறந்துபோனேன். வெளியூர்த் தமிழருக்குப் புளுகு என்றால் பொய். எங்களுக்குப் புளுகம் என்றால் பூரிப்பு. அடக்க முடியாமல் வழிகிற பூரிப்பு. ஆனால் அந்தச் சொல்லிலும் ஒரு சின்னக் குட்டு இருக்கிறது. பெரிய புளுகத்தில நிக்கிறாய், எழும்பிப் போய்ப் படி என்பாள் அம்மா. புளுகத்தில் நிற்பவர் எப்போதும் அடுத்தவர்தான். அந்த மீனவர் கூடத் தனக்குப் புளுகம் என்று மனைவியிடம் சொல்லவில்லை, காற்றின் மேல் பழியைப் போட்டார்.

ஆங்கிலச் சொல்லும் அப்படித்தானோ என்று அறிய ஆவலாக இருந்தது. அன்றிரவு மருமகளுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். அதை ஒருவர் தன்னைப் பற்றியே சொல்லலாமோ, சொன்னால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன்.

"ஓம் சின்ன மாமி, ஏன் சொல்லக் கூடாது? நான் கிடியா இருக்கிறன் எண்டு சொன்னால் என்ர பிரெண்ட்ஸ் எல்லாரும் ஏன் ஏன் எண்டு கேப்பினம். அவைக்கும் சந்தோசம் வரும்."

"கண்ணூறு படாதோ?"

"அது என்ன, கண்ணூறு?"

அவளுக்குக் கண்ணூறை விளங்கப்படுத்த எனக்கு நாலு செய்தி தேவைப்பட்டது. அவள் எனக்குக் கிடியை விளங்கப்படுத்த ஒன்று போதுமாக இருந்தது. ஏனோ அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

அந்தக் கிழமை முழுவதும் நான் அக்காவை நோட்டம் விட்டேன். அக்கா எதையும் அளந்து செய்கிறவள். அவளுடைய சொதியில் உப்புக் கூடியதாக எனக்கு நினைவில்லை. செவ்வாய்க்கிழமை சொதியை வாயில் வைக்க ஏலாமல் இருந்தது. இரண்டு தரம் உப்புப் போட்டிருக்கிறாள். புதன்கிழமை நூலகத்துக்குப் போய்விட்டு வந்து வாசலில் நின்று தன் கால்களையே பார்த்தாள். ஒரு காலில் அவளுடைய மண்ணிறச் செருப்பு, மற்றக் காலில் என்னுடைய நீலச் செருப்பு.

"நாள் முழுக்க உப்பிடியே திரிஞ்சனீங்கள்?"

"ஒருத்தரும் சொல்லேல்லையே."

"எல்லாரும் பாத்திருப்பினம்."

"பாத்தால் பாக்கட்டும்" என்றாள் அக்கா. அக்காவின் வாயிலிருந்து அப்படி ஒன்றை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய சாட்சி தண்ணீர்தான். புங்குடுதீவில் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உவர். குடிக்கிற தண்ணீருக்குப் பவுசர் லொறியைப் பார்த்திருக்கவேண்டும். அங்கே பெண் கொடுப்பதென்றால் எங்கள் பக்கத்தில் முதலில் சொல்லும் குறை அதுதான். வியாழக்கிழமை காலை தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்த அக்கா, சுவரைப் பார்த்துக் கேட்பது போலக் கேட்டாள்.

"உவர்த் தண்ணியில தேத்தண்ணி போட்டால் என்ன மாதிரி இருக்கும்?"

"ஏன் கேக்கிறியள்?"

"சும்மா."

"பவுசர் கிழமைக்கு எத்தினை தரம் வருமெண்டும் கேட்டுச் சொல்லட்டோ?"

"விசர்க்கதை கதையாதை" என்று கோப்பையோடு எழும்பிப் போனாள். போகும்போது அவளுடைய காது மடல் சிவந்திருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சுக்குள் ஏதோ நெகிழ்ந்தும் போனது. ஐம்பத்தொரு வயதில் ஒருத்தி உவர்த் தண்ணீரைப் பற்றி இவ்வளவு ஆசையோடு யோசிக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணை போனில் எடுத்தார். மாப்பிள்ளை பகுதிக்கு விருப்பமாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். தரகரிடம் வேலணையில் இன்னொரு இடமும் இருக்கிறது, இழுத்தடிக்க ஏலாதாம். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

"பிள்ளை, உனக்கு விருப்பமோ?" என்று அண்ணை கேட்டார். அக்கா எத்தனை வயதானாலும் அவருக்குப் பிள்ளைதான்.

"உங்கட விருப்பம் அண்ணை. நீங்கள் பாத்துச் செய்யுங்கோ."

"அது சரி, உன்ர விருப்பத்தைச் சொல்லு."

"எனக்கென்ன அண்ணை. நீங்கள் என்ன சொன்னாலும் சரி."

சரி என்று அண்ணை வைத்துவிட்டார். அக்கா தலைப்பைச் செருகிக்கொண்டு அரிசி களையப் போனாள். காரியம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஊரில் யாரிடம் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். எப்படிக் கேட்டாலும் நழுவாமல் அவள் ஓம் என்றுவிட்டாள்.

அடுத்தநாள் நான் ஆஸ்பத்திரியில் நிற்கும்போது அண்ணை எனக்குத் தனியே எடுத்தார். குரல் இறங்கியிருந்தது.

"தரகருக்கு வேண்டாம் எண்டு சொல்லப் போறன். அவளுக்கு மனமில்லை. ரெண்டு தரம் கேட்டனான், ஓம் எண்டு ஒரு சொல் வரேல்ல. எனக்காண்டித் தலையாட்டுறாள். அந்தப் பாவத்தை நான் செய்யன்."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. முப்பது வருடத்தில் அண்ணைக்கு மீன் குழம்பின் ருசி மறக்கவில்லை, ஊர்த் தமிழ் மறக்கவில்லை, அக்காவின் ஓம் எப்படி இருக்கும் என்பது மறந்துபோயிருக்கிறது. பக்கத்தில் இருந்து மகள் வேறு படிப்பித்திருக்கிறாள். ஓம் என்று வாயால் சொல்லாவிட்டால் அது ஓம் இல்லை அப்பா என்றாளாம். அவள் சொன்னதிலும் பிழை இல்லை. தங்கையை நெருக்கக்கூடாது என்கிற நல்லெண்ணத்திலேயே அவளுடைய கலியாணத்தைக் கலைக்க ஆயத்தமாகிவிட்டார் மனிதர்.

அந்த ஒரு நிமிடத்தில் எனக்குள் வந்த முதல் உணர்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். ஆறுதல். அக்கா என்னோடு இருப்பாள், கரம்பொன் வீட்டில் இரண்டு கோப்பை தேத்தண்ணி ஒன்றாகாது என்ற ஆறுதல். அது வந்ததும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் அண்ணையில் பாய்ந்தேன்.

"அண்ணை, உங்களுக்கென்ன மறதியோ? அக்கா ஓம் எண்டுதானே சொன்னவ."

"எங்கை சொன்னவள்?"

"உங்கட விருப்பம் எண்டால் என்ன? சொதிக்கு ரெண்டு தரம் உப்புப் போட்டிருக்கிறா. செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு திரிஞ்சவ. உவர்த் தண்ணியில தேத்தண்ணி என்ன மாதிரி எண்டு கேக்கிறா."

"செருப்பு மாறினதை வச்சு நான் ஒரு கலியாணத்தைச் செய்ய ஏலுமே? அவள் தன்ர வாயால சொல்லட்டும். நாளைக்குப் பின்னேரம் மட்டும் பாக்கிறன். இல்லாட்டி வேண்டாம் எண்டு சொல்லிடுவன்."

அன்று பின்னேரம் அக்கா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சவர்க்காரக் கையோடு அப்படியே நின்றாள். முகம் வெளிறிப்போனது. அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அப்போதுதான் முழுதாகக் கண்டேன்.

"அண்ணைக்கு விளங்கேல்லையோ?"

"விளங்கேல்ல. வாயைத் திறந்து விருப்பம் எண்டு சொல்லுங்கோ. ஒரு சொல்."

"இந்த வயசில பல்லைக் காட்டச் சொல்லுறியோ?"

"பல்லைக் காட்ட வேண்டாம். சொன்னால் போதும்."

அக்கா ஒரு துணியை எடுத்துப் பிழிந்தாள். பிழிந்ததையே திரும்பவும் பிழிந்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்கு இருபத்தாறு வயசில ஒரு பேச்சு வந்தது, உனக்கு ஞாபகமோ?"

ஞாபகம் இருந்தது. வேலணைப் பையன். எல்லாம் பொருந்தி, நாள் பார்க்கிற கட்டத்துக்குப் போனபிறகு, அவனுக்கு ஜெர்மனிக்கு வழி கிடைத்து, அங்கேயே ஒரு பெண்ணை முடித்துக்கொண்டான்.

"நான் அப்ப சும்மா இருக்கேல்ல. கூட்டாளியள் எல்லாருக்கும் சொன்னனான். பஸ்ஸுக்கு நிக்கிற இடத்திலயும் சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சனான். என்ன நிறத்தில கூறை எண்டு கூடச் சொல்லியிட்டன். குழம்பினதுக்கு நான் அழேல்லையடி. நான் சந்தோசப்பட்டதை எல்லாரும் பாத்திட்டினம். அதுதான் தாங்கேலாமப் போச்சு. அதுக்குப் பிறகு அந்தப் பஸ்ஸில நான் ஏறேல்ல, அடுத்ததுக்கு நிண்டனான்."

அந்த நாட்களில் அக்கா ஏன் தினமும் வேலைக்குப் பிந்திப் போனாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருடமும் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவள் பக்கத்தில் போய்ப் படிக்கட்டில் இருந்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது எனக்கு வாய் சும்மா இராது, ஆகவே மருமகள் சொன்ன சொல்லைச் சொன்னேன். தலை சுற்றுகிற மாதிரி வரும் சந்தோசம், வருத்தமில்லாத சுற்று என்று. போன சனிக்கிழமை கோப்பை துடைத்துக்கொண்டு நின்றபோது பிள்ளை உங்களைப் பார்த்துத்தான் அதைச் சொன்னவள் என்றும் சொன்னேன்.

அக்கா துணியை விட்டுவிட்டுக் கேட்டாள். "அதை அங்கை வெக்கமில்லாமல் சொல்லுவினமோ?"

"ஓம். தங்களைப் பற்றியே சொல்லுவினமாம்."

"வயசு போனவையும்?"

"அகராதியில வயசு ஒண்டும் போட்டிருக்கேல்ல."

"சொல்லிப்போட்டு, பிறகு அது குழம்பினால்?"

அதை நான் மருமகளிடம் கேட்டிருக்கவில்லை. "குழம்பினால் அழுவினமாக்கும்" என்றேன். அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு கொடியடிக்குப் போனாள். அன்று இரவு அவள் சாப்பிட்டாள். படுக்கவுமில்லை, அழவுமில்லை. எங்கள் ஊர்க் கணக்கில் அது இன்னும் ஓம்தான். லண்டனுக்கு அது செல்லாது என்பதுதான் என் கவலை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அண்ணை வீடியோவில் வந்தார். வீட்டுக்குள்ளும் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். பக்கத்தில் மருமகள் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அக்கா நல்ல சேலை ஒன்றைக் கட்டியிருந்தாள். அதை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"பிள்ளை, கடைசியாக் கேக்கிறன். உனக்கு இதில விருப்பமோ இல்லையோ?"

"உங்கட" என்று அக்கா தொடங்கினாள். அவ்வளவு வருடப் பழக்கம், நாக்கு தன்பாட்டில் போகிறது. நான் மேசைக்குக் கீழே அவளுடைய காலை மிதித்தேன். அவள் நிறுத்தினாள். அக்கா இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவளைப் பார்த்தால் எங்கள் டாக்டர் உடனே பிரஷர் பார்த்திருப்பார்.

"அண்ணை, எனக்கு விருப்பம்" என்றாள். செருமிவிட்டுத் திரும்பவும் சொன்னாள். "அந்த ஆளில எனக்கு விருப்பம். நல்லா விருப்பம்."

அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். "சரி பிள்ளை. இப்பவே தரகருக்குச் சொல்லுறன்."

"சொல்லுங்கோ. குழம்பினாலும் பரவாயில்லை எண்டு நான் சொல்லமாட்டன் அண்ணை. இது குழம்பக் கூடாது."

அண்ணை தலையை ஆட்டினார். மருமகள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அக்கா அந்தப் பிள்ளையைப் பார்த்து, "ஏனம்மா அழுறாய், போய் முகத்தைக் கழுவு" என்று அதட்டினாள். பிறகு போனை அணைத்து மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

வெளியில் கடைசிப் பஸ் போகிற சத்தம் கேட்டது. அக்காவுக்கு வியர்த்திருந்தது. சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். மெல்லச் சிரித்தாள். ஒளிக்காத சிரிப்பு. அவளுடைய இருபத்தாறு வயது முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. இப்போது ஞாபகம் வந்தது.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ தனிய இருப்பியோ?"

"இருப்பன். எனக்கென்ன குறை. வேலை இருக்கு, வீடு இருக்கு."

"இறுப்பிட்டி கிட்டத்தானே. நினைச்சவுடன வரலாம்."

"ஓம் ஓம். பஸ் இருக்கு. வேலணையில மாறினால் சரி."

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போவதாகச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து இருத்தினாள்.

"என்னைச் சொல்லச் சொன்னாய் எல்லே. நான் சொல்லியிட்டன். இப்ப நீ சொல்லு."

"தூரம் அக்கா" என்றேன். "நல்ல தூரம்."